வெளியே போயிருந்தவர்கள்

போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் வசந்தகுமாரி சிஸ்டரைத் தெரியாதவர்கள் குறைவு. நாற்பத்தாறு வயது, கொஞ்சம் பூசினாற்போல உடம்பு, வார்டின் இந்தக் கோடியில் பேசினால் அந்தக் கோடியில் கேட்கும் குரல். தமிழரிடம் தமிழ், மற்ற எல்லாரிடமும் தீவுக்கே உரிய ஹிந்தி. யார் எது செய்தாலும் உடனே நன்றி சொல்லிவிடுவாள். ஆட்டோக்காரர், டீ கொண்டுவருகிறவர், மீன் வெட்டித் தருகிற பெண் என்று யாரையும் விடமாட்டாள். அப்படிப்பட்டவளுக்கு, ஒரே ஒருத்திக்குச் சொல்லவேண்டிய நன்றி மட்டும் இருபது வருடமாகத் தொண்டையிலேயே நின்றுபோயிருந்தது. அது வெளியே வந்ததற்கு ஒரு கிரேக்கனின் குடல்வால்தான் காரணம்.

ஆகஸ்ட் மாதம், விடாத மழை. கிரேட் நிக்கோபாருக்குத் தெற்கே போய்க்கொண்டிருந்த ஒரு சரக்குக் கப்பலில் இன்ஜினியர் ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். கோஸ்ட் கார்டுக்காரர்கள் அவனை இறக்கி, மழை சற்று விட்ட நேரத்தில் ஹெலிகாப்டரில் கொண்டுவந்து சேர்த்தார்கள். குடல்வால் உள்ளேயே வெடித்திருந்தது. அன்றே ஆபரேஷன். பிழைத்தது பெரிய விஷயம் என்றார் டாக்டர். முழுப் பெயர் பனாயோட்டிஸ். வாயில் நுழையாவிட்டால் பானோஸ் என்று கூப்பிட்டால் போதும் என்று அவனே சலுகை கொடுத்தான். முப்பத்திரண்டு வயது, சுருட்டை முடி. ஆங்கிலம் தட்டுத்தடுமாறி வந்தாலும் பேச்சுக்குக் குறைவில்லை.

மூன்றாம் நாள் வசந்தகுமாரி படிவத்தை எடுத்துக்கொண்டு அவன் கட்டிலருகே உட்கார்ந்தாள். பெயர், வயது, கப்பல் எல்லாம் எழுதியாயிற்று.

"சொந்த ஊர்?"

"வூரா."

"ஆமா, ஊர்தான் கேக்கறேன்" என்று தன்னையறியாமல் தமிழில் சொல்லிவிட்டாள்.

அவன் விழித்தான். பிறகு ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். எழுதும்போது பூரா, இந்தக் காலத்து உச்சரிப்பில் வூரா. "ஆனால் அங்கே இப்போது ஊர் இல்லை சிஸ்டர். மலைமேல் கல்தான் கிடக்கிறது. பக்கத்துக் கிராமம் என்னுடையது. யாராவது கேட்டால் பழைய பேரைச் சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கம்."

"இல்லாத ஊரை எழுதினா ஆபீஸ்ல என்னைத் திட்டுவாங்கப்பா. இருக்கிற ஊரைச் சொல்லு."

அவன் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வலியும் சிரிப்புமாக அவன் பட்ட பாட்டைப் பார்த்து அடுத்த கட்டில்காரரும் சிரித்தார்.

இரண்டு நாள் கழித்து, மதியச் சாப்பாடு முடிந்த நேரம், நில அதிர்ச்சி வந்தது. சின்னதுதான். ட்ரிப் பாட்டில்கள் ஆடின, ஜன்னல் கண்ணாடி கடகடத்தது, அலமாரிக் கதவு தானாகத் திறந்து மூடிக்கொண்டது. நடக்க முடிந்தவர்கள் எழுந்து வாசலுக்குப் போனார்கள். வசந்தகுமாரி எப்போதும்போல வார்டின் நடுவில் நின்று, "குச் நஹி, ஒண்ணுமில்ல, எல்லாரும் மெதுவா" என்று கையை அசைத்துக்கொண்டிருந்தாள். குரல் திடமாகத்தான் இருந்தது. ஆட்டம் நின்ற பிறகு பானோஸின் கட்டிலருகே வந்து கட்டை மாற்ற உட்கார்ந்தபோது கத்தரிக்கோல் கைநழுவிக் கீழே விழுந்தது.

"எங்கள் பக்கமும் இப்படித்தான்" என்றான் அவன். "பூமிக்கு அடிக்கடி ஜுரம் வரும்."

"உன் வூரா அப்படித்தான் போச்சா?"

"ஆமாம். இரண்டாயிரத்து நானூறு வருடம் ஆகிறது. கீழே கடலோரம் எலிக்கே என்று ஒரு பட்டணம். அதைக் கடல் எடுத்துக்கொண்டது. மேலே மலையில் எங்கள் ஊர். அதை மண் எடுத்துக்கொண்டது. இரண்டும் ஒன்றாகப் போயின. வீட்டில் இருந்தவர்களில் ஒருவர் மிச்சமில்லை."

"ஒருத்தரும் இல்லேன்னா நீ எங்கேர்ந்து வந்தே?"

"அன்றைக்கு ஊரில் இல்லாதவர்கள் இருந்தார்களே! சிலர் படைக்குப் போயிருந்தார்கள். சிலர் வேறு வேலையாக வெளியே போயிருந்தார்கள். அவர்கள் திரும்பி வந்து மறுபடி ஊரைக் கட்டினார்கள்."

வசந்தகுமாரி பஞ்சைக் கீழே வைத்தாள். "இதெல்லாம் யார் எழுதிவச்சது?"

"ஐந்நூறு வருடம் கழித்து ஒரு பயணி வந்து பார்த்துவிட்டு எழுதினார். கடலில் போன பட்டணத்தைப் பற்றி ஆளாளுக்குப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். எங்களுக்கு ஏதோ சில வரிதான். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். சின்னதாக இருந்ததால் தப்பித்தேன்." அவன் கண்ணை மூடி நினைவுபடுத்திக்கொண்டான். "அவர் வந்தபோது அங்கே சில கோயில்கள் இருந்தன. தானியத்துக்கு ஒரு தெய்வம், காதலுக்கும் திராட்சை ரசத்துக்கும் தெய்வங்கள். இன்னொரு கோயில் பிரசவம் பார்க்கிற அம்மனுக்கு. என் அம்மா சொல்வாள், கெட்டிக்காரர்கள் அவர்கள், செத்த ஊருக்கு முதலில் என்ன வேண்டும் என்று தெரிந்தவர்கள் என்று."

"அவங்களுக்கு வெட்கமா இருந்திருக்காதா?" என்று வசந்தகுமாரி கேட்டாள்.

"யாருக்கு?"

"வெளியே போயிருந்தவங்களுக்கு. எல்லாரும் போயி, தான் மட்டும் இருக்கிறது."

அவன் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. கூரையைப் பார்த்து யோசித்தான். "அதை அவர் எழுதவில்லை. இருந்திருக்கும். ஆனால் வெட்கப்பட்டு வேறு எங்காவது ஓடியிருந்தால் நான் வேறு எங்காவது பிறந்திருப்பேன். இந்தக் குடல்வால் இல்லாமல் பிறந்திருந்தாலும் பிறந்திருப்பேன்." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தவன் சிரிப்பை நிறுத்தினான். "சிஸ்டர், நீங்கள் வெளியே போயிருந்தீர்களா?"

அவள் கட்டைச் சரியாகப் போட்டு, பிளாஸ்திரியை இரண்டு முறை அழுத்தி ஒட்டிவிட்டு எழுந்தாள்.

இரண்டாயிரத்து நாலில் வசந்தகுமாரிக்கு இருபத்தைந்து வயது. கார் நிக்கோபார் தீவில் ஸ்டாஃப் நர்ஸ். அறைத்தோழி புஷ்பா, மாயாபந்தர்க்காரி, ஒல்லியாக உயரமாக இருப்பாள், எதற்கெடுத்தாலும் சிரிப்பு. அந்த டிசம்பரில் பத்து நாள் லீவு புஷ்பாவுக்குத்தான் கிடைத்திருந்தது. கப்பல் டிக்கெட்டும் அவள் பெயரில். கப்பலுக்கு இரண்டு நாள் முன்னால் வசந்தகுமாரிக்குப் போர்ட் பிளேர் வீட்டிலிருந்து போன் வந்தது. மாப்பிள்ளை ஜெகநாதன் கப்பலில் வேலை பார்க்கிறவர், அந்த ஒரு வாரம்தான் கரையில் இருப்பார், வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்று. மார்கழியில் பெண் பார்ப்பதா என்று அம்மா இழுத்தாள். கப்பல்காரனுக்கு மார்கழி ஏது தை ஏது என்று அப்பா முடித்துவிட்டார்.

லீவு கேட்க வாய் வராமல் வசந்தகுமாரி உட்கார்ந்திருந்தபோது புஷ்பாதான் டிக்கெட்டை மடியில் போட்டாள். "போடி, போய் மாப்பிள்ளையப் பாரு. எனக்குப் பொங்கலுக்கு லீவு கெடைக்கும். இங்க கிறிஸ்மஸ் விருந்துல பன்னிக்கறி போடுவாங்க, அத விட்டுட்டு நான் எதுக்கு வீட்டுக்குப் போயி சாம்பார் சாப்பிடணும்?" மேட்ரன் சுப்பம்மாள் டூட்டி லிஸ்டைத் திருத்தி, தானே கப்பல் ஆபீசுக்குப் போய்ப் பேசி டிக்கெட்டில் பெயரையும் மாற்றிக் கொடுத்தார். வியாழக்கிழமை கப்பல் புறப்பட்டது. கப்பல்துறை ஜெட்டியில் நின்று கையாட்டின புஷ்பாவுக்கு, கூட்டத்திலும் சத்தத்திலும், ஒரு தேங்க்ஸ் சொல்ல வசந்தகுமாரிக்கு நேரமில்லை. திரும்பி வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பூமி ஆடியது. மாப்பிள்ளை வீட்டார் பத்து மணிக்கு வருவதாக இருந்தது. யாரும் வரவில்லை. ஊரே தெருவில் நின்றது. கார் நிக்கோபாரில் கடலோரத்துக் குவார்ட்டர்ஸ் வரிசையைக் கடல் துடைத்துவிட்டுப் போன செய்தி மறுநாள்தான் வந்தது. புஷ்பா கிடைக்கவே இல்லை. அங்கிருந்து ஆட்களை ஏற்றிவந்த கப்பலில் ஜெகநாதனும் வேலை செய்தார். ஜெட்டியில் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டிருந்த வசந்தகுமாரியை அவர் அங்கேதான் முதலில் பார்த்தார்.

அதோடு முடியவில்லை. ஒரு வாரம் கழித்து, நிவாரண முகாமில் வசந்தகுமாரி ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது புஷ்பாவின் அப்பா சிவப்பிரகாசம் வந்தார். கையில் மகளின் போட்டோ. ஒவ்வொரு கூடாரமாக நுழைந்து, "இந்தப் பிள்ளைய யாராவது பாத்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். வசந்தகுமாரி ஊசியை அப்படியே வைத்துவிட்டுப் போய்த் தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவர் போகும்வரை வெளியே வரவில்லை. கல்யாணம் ஆயிற்று, இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள், சொந்த வீடு கட்டினார்கள். ஒவ்வொரு நல்லது நடக்கும்போதும் அந்த லாரியின் ஈரமான சக்கரம் கண்ணுக்குள் வரும். அந்தமானிலேயே பிறந்து வளர்ந்தவள் இருபது வருடத்தில் ஒருமுறைகூட மாயாபந்தருக்குப் போனதில்லை.

பானோஸ் டிஸ்சார்ஜ் ஆகிற நாளில் ஒரு வேலை செய்தான். கப்பல் ஏஜென்ட் கார் கொண்டுவந்து கீழே காத்துக்கொண்டிருக்க, அவன் வார்டில் ஒவ்வொரு ஆளாகத் தேடிப்பிடித்து நன்றி சொன்னான். டாக்டருக்குச் சொன்னான், தரை துடைக்கிற அம்மாவுக்குச் சொன்னான். தனக்கு ரத்தம் கொடுத்த அபர்டீன் பஜார் துணிக்கடைக்காரரை வரச்சொல்லிக் கட்டிப்பிடித்துக்கொண்டான். லிப்ட்காரரிடம் போய், அன்றைக்கு என்னை மேலே கொண்டுவந்தது நீங்கள்தானே என்று கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டு சொன்னான். "சுக்ரியா" என்ற ஒரு வார்த்தையைக் கற்றுக்கொண்டு, முக்கால் மணிநேரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தான். ஏஜென்ட் கடிகாரத்தைக் காட்டியபோது, "நான் செத்துப்போயிருந்தால் உங்களுக்கு இன்னும் தாமதமாகியிருக்கும்" என்றான்.

கடைசியாக வசந்தகுமாரியிடம் வந்து அவள் கையைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டான். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அன்று சாயங்காலம் ஷாதிப்பூர் வீட்டில் ஜெகநாதனிடம், "நான் மாயாபந்தர் போறேன்" என்றாள்.

அவருக்கு எல்லாம் தெரியும். "நானும் வரட்டுமா?"

"வேண்டாங்க. ஒளிஞ்சது நானு. நான்தான் போகணும்."

முன்பக்கம் போர்ட் பிளேருக்கு வைத்த புதுப் பெயர் எழுதின அரசாங்க பஸ், விடிவதற்கு முன்பே கிளம்பியது. ஜிர்காடாங்கில் வண்டிகள் எல்லாம் வரிசையாகச் சேர்ந்து கிளம்புகிற கான்வாய்க்குக் காத்திருந்து, காட்டைத் தாண்டி, பாராடாங்கில் பஸ்ஸோடு படகில் ஏறி இறங்கி, ரங்கத்தில் நின்று, மாயாபந்தர் சேர மதியம் மூன்று மணியாகிவிட்டது. வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தவளுக்கு, ஊர் வந்ததும் ஒரு வார்த்தை நினைவில்லை. ஜெட்டிப் பக்கம் விசாரித்தாள். வனத்துறையில் மரம் அளக்கிற வேலை பார்த்து ரிட்டயரான சிவப்பிரகாசம் என்றதும் போக்காடேராவுக்குப் போகிற ஆட்டோவைக் காட்டிவிட்டார்கள்.

பாக்கு மரங்களுக்கு நடுவே தகரக் கூரை போட்ட வீடு. புஷ்பாவின் தங்கை மீனா கதவைத் திறந்தாள். அதே உயரம், அதே ஒல்லி. வசந்தகுமாரி தன்னையறியாமல் ஓரடி பின்னால் வைத்தாள்.

"கார் நிக்கோபார்ல உங்க அக்காகூட வேலை பாத்தேன். வசந்தகுமாரி."

"அப்பா! அக்காகூட வேலை பாத்தவங்க வந்திருக்காங்கப்பா!" என்று மீனா உள்ளே பார்த்துக் கத்தினாள். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைத் தாங்கிக்கொள்வது வசந்தகுமாரிக்குக் கஷ்டமாக இருந்தது.

சிவப்பிரகாசம் எழுபத்தெட்டு வயதிலும் நிமிர்ந்து நடந்தார். "வாங்கம்மா, வாங்க. இத்தன வருஷத்துல அங்கேர்ந்து ஒருத்தர்கூட வந்ததில்ல" என்று நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். இளநீர் வந்தது. என்ன ஊர், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். அவள் விஷயத்தை ஆரம்பிக்க வாயெடுப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"அந்த மேட்ரன் சுப்பம்மாள உங்களுக்குத் தெரியுமில்லா? அவதான் எம்புள்ளைக்கு லீவு குடுக்கல. கப்பல் கிளம்புன அன்னிக்கு சாயங்காலம் புஷ்பா பூத்துலேர்ந்து போன் பண்ணுனா. லீவு கெடைக்கலப்பா, பொங்கலுக்கு வாரேன்னா. வந்திருக்க வேண்டியவ. டிக்கெட்டெல்லாம் போட்டாச்சுன்னு அதுக்கு முந்தின வாரம் சொன்னாளே!" அவர் குரல் உயர்ந்தது. "முகாம்ல அவளப் பாத்தேன். நாலு பேரு முன்னால நிக்க வச்சுக் கேட்டேன். எம்புள்ள லீவ எதுக்கு வெட்டுனேன்னு. லிஸ்டு போட்டது நான்தான்னா. அவ்வளவுதான் சொன்னா. மண்ண வாரித் தூத்துனேம்மா. நீ நல்லா இருக்கமாட்டேன்னு சொல்லி மூஞ்சிலயே தூத்துனேன். தலைய குனிஞ்சுகிட்டு நின்னா. தப்பு இருக்கப்போயித்தானே பேசாம நின்னா?"

வசந்தகுமாரி இளநீரைக் கீழே வைத்தாள். சுப்பம்மாளுக்கு எல்லாம் தெரியும். பெயரை மாற்றிக் கொடுத்ததே அவர்தான். அன்றைக்கு ஒரு வார்த்தை, "உங்க பொண்ணா பாத்து வசந்தகுமாரிக்குக் குடுத்துட்டா" என்று சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அதற்குப் பிறகு வசந்தகுமாரியின் கல்யாணத்துக்கு வந்தார், இரண்டு பிரசவத்துக்கும் வந்து கூட இருந்தார். எவ்வளவோ பேசியிருக்கிறார்கள். அவள் முகத்தில் விழவேண்டிய மண்ணைத் தன் முகத்தில் வாங்கிக்கொண்டதைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

"ஐயா, லீவை யாரும் வெட்டல" என்றாள். "புஷ்பா எனக்குக் குடுத்தா."

அவர் புரியாமல் பார்த்தார்.

ஒத்திகை பார்த்தது எதுவும் வராததே நல்லதாயிற்று. டிக்கெட்டை மடியில் போட்டதிலிருந்து தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஒளிந்தது வரை கோவையில்லாமல், அழுகையும் பேச்சுமாக எல்லாவற்றையும் கொட்டினாள். பன்னிக்கறியைக்கூட விடவில்லை. "அன்னிக்கு உங்க முன்னால வந்து நிக்கிற தைரியம் இல்லய்யா. நீங்க அவளைத் தேடிட்டு வர்றீங்கன்னு தெரிஞ்சுது. என் மூஞ்சைப் பாத்து, நீ ஏன் இருக்கேன்னு கேட்டுட்டா என்ன பண்றதுன்னு ஓடிட்டேன்."

சிவப்பிரகாசம் எழுந்து பின்பக்கம் போய்விட்டார். மீனா வசந்தகுமாரியின் தோளில் கை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. பாக்குத் தோப்பில் அவர் நடப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு நடந்தார். ஒவ்வொன்றாகத் தொட்டார். கால் மணிநேரம் இருக்கும். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

"அவளாவா குடுத்தா?"

"அவளாத்தான் குடுத்தா. நான் வாய் தொறந்து கேக்கக்கூட இல்ல."

"அப்ப எங்கிட்ட பொய் சொல்லியிருக்கா" என்றார். பிறகு யாரும் எதிர்பார்க்காதபடி அவர் முகத்தில் சிரிப்பு வந்தது, கண்ணில் நீரோடு. "ஸ்கூல்ல படிக்கும்போது டிபன் பாக்ஸ யாருக்காவது தூக்கிக் குடுத்துட்டு வந்துருவா. கேட்டா சிந்திருச்சும்பா. நான் திட்டுவேன்னு. அதே பொய்யி! மீனா, பாத்தியா, அதே பொய்யத்தான் போன்லயும் சொல்லியிருக்கா!"

"அவ அப்படித்தானப்பா" என்றாள் மீனா.

"இருவது வருஷமா எம்புள்ளைய யாரோ புடிச்சு அடைச்சு வச்சு சாகடிச்சிட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அவ கெஞ்சியிருப்பா, அழுதிருப்பான்னு நெனச்சு நெனச்சு…" அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "அவ சிரிச்சுகிட்டேதான் இருந்தாளா?"

"ஜெட்டியில கையாட்டினப்பக்கூட சிரிச்சுகிட்டுதான் இருந்தா."

"நீ இத முன்னாடியே சொல்லியிருக்கணும்." இதுவரை பன்மையில் பேசியவர் ஒருமைக்கு வந்திருந்தார். கோபம் இருந்தது, ஆனால் மகளிடம் காட்டுகிற கோபம். "ரொம்ப லேட்டு. ஆனா வந்தியே. அதுக்கு உனக்கு நன்றி சொல்லணும்."

"ஐயா, நன்றி சொல்லத்தான் நான் வந்தேன். நீங்க எனக்குச் சொல்றீங்களே."

"ரெண்டு பேரும் சொல்லிக்குவோம். கொறஞ்சா போயிரும்?"

மீனா சோறு வைத்தாள். சாப்பிடும்போது, உன் பொண்ணுக்கு என்ன பேர் வைத்தாய் என்று சிவப்பிரகாசம் கேட்டார். வசந்தகுமாரி தயங்கி, "ஸ்வேதா. புஷ்பா பேரை வைக்கணும்னு ஆசைதான், தைரியம் வரல" என்றாள். நல்லவேளை, புஷ்பாவுக்குத் தன் பெயர் சுத்தமாகப் பிடிக்காது என்று மீனா சொல்ல, வந்ததிலிருந்து முதல்முறையாக வசந்தகுமாரி சிரித்தாள்.

இத்தனை வருடம் வராதவள் இப்போது எப்படி வந்தாய் என்றும் அவர் கேட்டார். பானோஸையும் அவன் ஊரையும் பற்றிச் சொன்னாள். சிவப்பிரகாசம் கையில் சோற்றோடு கவனமாகக் கேட்டார். மரம் அளக்கிறவருடைய புத்தி, விவரம் கேட்காமல் விடாது. மலை எவ்வளவு உயரம், வெளியே போயிருந்தவர்கள் எத்தனை பேர், திரும்பி வந்தவர்களுக்கு வீடு கட்ட மரம் எங்கே கிடைத்தது? அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. "எழுதினவர் அதெல்லாம் எழுதலயாம்."

"எழுதியிருக்க வேண்டாமா? அதுதானே முக்கியம்?" என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார். கொஞ்சநேரம் கழித்து, "பிரசவத்துக்குக் கோயில் கட்டுனானுங்கன்னா நல்லவனுங்கதான்" என்றார்.

கை கழுவிவிட்டு வந்து கேட்டார். "அந்தம்மா இருக்காங்களா? சுப்பம்மாள்?"

"இருக்காங்க. போர்ட் பிளேர் பக்கத்துல, காராச்சர்மாவுல மகன் வீட்டுல. முட்டி வலி, நடக்கிறதுதான் கஷ்டம். போன் போட்டுத் தரட்டுமா?"

"மண்ண வாரித் தூத்துனத போன்ல எடுக்க முடியுமா?" என்றார் அவர். "காலைல பஸ்ஸு எத்தன மணிக்கு?"

மீனா தடுத்துப் பார்த்தாள், இந்த வயதில் பத்து மணிநேர பஸ் எதற்கு என்று. அவர் கேட்கவில்லை. தோப்பிலிருந்து ஒரு குலை வாழைப்பழம் வெட்டி, பஸ்ஸில் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். பாராடாங் படகில் மட்டும் பஸ்ஸை விட்டு இறங்கி நின்று தண்ணீரைப் பார்த்தார். "சுனாமிக்கு அப்புறம் நான் எந்தத் தண்ணியிலயும் காலு வைக்கல தெரியுமா" என்று சொன்னார்.

காராச்சர்மா வீட்டுக்கு அவர்கள் போனபோது சுப்பம்மாள் முன்னறையில் காலை நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வசந்தகுமாரியைப் பார்த்து, "அரே, என்னடி சொல்லாம வந்து நிக்கறே" என்று ஆரம்பித்தவர், பின்னால் நிற்கிறவரைப் பார்த்ததும் நிறுத்தினார். ஒரு நொடிதான். கீரைத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்திருக்க முயன்றார்.

"எந்திரிக்காதீங்கம்மா." சிவப்பிரகாசம் வாசற்படி தாண்டவில்லை. வாழைக்குலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். "நான் அன்னிக்குத் தெரியாம… வாயும் கையும் அளவில்லாம போயிருச்சு. இந்தப் பிள்ள எல்லாத்தையும் சொல்லிருச்சு. என்ன மன்னிச்சிரணும்."

சுப்பம்மாள் வசந்தகுமாரியைப் பார்த்தார். "சொல்லிட்டியா?"

அவள் தலையாட்டினாள்.

"உள்ள வாங்க முதல்ல. வாசல்ல நின்னு பேசற பேச்சா இது?" அவர் உட்கார்ந்ததும் சுப்பம்மாள் சொன்னார். "மன்னிக்க ஒண்ணும் இல்லீங்க. அன்னிக்குக் காலையில நான் ஆஸ்பத்திரியில இருந்தேன், பொழைச்சேன். என் நர்ஸ் பிள்ளைங்க ஆறு பேர் குவார்ட்டர்ஸ்ல இருந்தாங்க, போயிட்டாங்க. டூட்டி லிஸ்டு நான்தானே போட்டேன்? எல்லாரும் வந்து ஆறுதல் சொன்னாங்க. யாராவது என்னைத் திட்டினா தேவலைன்னு இருந்துச்சு. நீங்க வந்து திட்டினீங்க. உண்மையைச் சொல்றேன், அன்னிக்குத்தான் எனக்கு அழுகை வந்துச்சு. அதுவரைக்கும் வரல."

"இவ பேர ஏன் சொல்லல?"

"சொல்லி? இருபத்தஞ்சு வயசு. கல்யாணம் ஆகல. ஏற்கெனவே சோறு தண்ணி இறங்காம கெடந்தா. அது மேல நீங்களும் ஒரு பிடி மண்ணைப் போட்டிருந்தா எந்திரிச்சிருக்கமாட்டா. எனக்கு அம்பத்திமூணு. நான் தாங்குவேன்னு தோணுச்சு."

வசந்தகுமாரி கீரைத் தட்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சுப்பம்மாளின் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். தேங்க்ஸ் என்று சொன்னாள், நன்றி என்று சொன்னாள், அம்மா என்று சொன்னாள். எது முதலில், எது பிறகு என்று அவளுக்கே தெரியாது.

"போதும்டி, முட்டி வலிக்குது" என்றார் சுப்பம்மாள், அவள் முடியைக் கோதிக்கொண்டே.

பிறகு சிவப்பிரகாசம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் கார் நிக்கோபார பாத்ததே இல்லம்மா. பாஸ் வேணும், கப்பல் வேணும்னு தள்ளிக்கிட்டே போயிருச்சு. ரெண்டு வருஷம் எம்புள்ள அங்க என்ன பண்ணுனா, யாரோட இருந்தா, ஒண்ணும் தெரியாது. நீங்க சொல்லுங்களேன்."

சுப்பம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். "புஷ்பாவா? அவ சைக்கிள் கத்துக்கிட்ட கதை தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது என்றார் அவர். தேங்காய்க் குவியலுக்குள் சைக்கிளோடு போய் விழுந்ததில் ஆரம்பித்தது. நிக்கோபாரி பாட்டு இரண்டு கற்றுக்கொண்டு தப்புத்தப்பாகப் பாடி வார்டையே சிரிக்கவைத்தது, மழை கொட்டும் ஒரு மதியம் டாக்டர் வருவதற்குள் தனியாக நின்று இரட்டைப் பிள்ளைப் பிரசவம் பார்த்தது, அந்தப் பிள்ளைகள் இப்போது அங்கே தோணிப் பந்தயத்தில் ஜெயிக்கிறவர்கள் என்பது. சுப்பம்மாள் விட்ட இடத்தை வசந்தகுமாரி எடுத்துக்கொண்டாள், அவள் மறந்ததைச் சுப்பம்மாள் சேர்த்தார். சிவப்பிரகாசம் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்டார். எந்தக் காலில் அடிபட்டது, பிள்ளைகள் ஆணா பெண்ணா என்று.

மருமகள் வந்து, சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று எட்டிப்பார்த்தாள். "மூணு பேரும்தான்" என்றார் சுப்பம்மாள். "இவரு இன்னும் ரெண்டு நாள் இங்கதான் இருப்பாரு. சொல்லவேண்டியது நிறைய இருக்கு."

வசந்தகுமாரி வெளியே வந்து ஜெகநாதனுக்குப் போன் போட்டாள். வர நேரமாகும், ஸ்வேதாவையும் கூட்டிக்கொண்டு நீங்களும் இங்கே வந்துவிடுங்கள் என்றாள். எதற்கு என்று அவர் கேட்டார்.

"புஷ்பா அப்பா வந்திருக்காருங்க. நம்ம பொண்ணைப் பாக்கணும்ங்கறாரு" என்றாள். உள்ளே அவர் வாய்விட்டுச் சிரிக்கிற சத்தம் கேட்டது. எந்தக் கதைக்கு என்று தெரிந்துகொள்ள வேகமாக உள்ளே போனாள்.